வெறும் லாரியின் எடை

தேர்தல் அங்கே. சண்டை இங்கே,
சிலிம் ரிவர் செம்பனை ஆலை வாசலில்,
பழக்குலை ஏற்றி வரிசையில் நிற்கும்
ஒன்பது லாரிகளுக்கு நடுவில்.

கன்னியப்பன் சொல்கிறான், இவன்தான் பருந்து.
ஹோக் செங், தோட்டத்தில் வளர்ந்த தமிழில்,
"உனக்கு ஒண்ணும் தெரியாது லா, மத்தவன்தான்."
தேத்தண்ணி ஆறுகிறது.
கண்ணாடிக்குப் பின்னால் நான்,
கோமளவல்லி. வேலை, நிறுப்பது.

எடைமேடைக்குப் பேச்சு ஏறாது.
"இன்னிக்கு லோடு நிறைய அக்கா" என்பார்கள்.
இருக்கட்டும், ஏறு.
சரக்கோடு ஒரு தடவை,
இறக்கிய பின் ஒரு தடவை.
கழித்தால் வருவது பழம்.
மிச்சமெல்லாம் இரும்பு, டீசல், டிரைவரின் தொப்பை.

அன்றைய இரவு ஷிஃப்டில் மழை. லாரி குறைவு.
அவர்களை ஏற்றிப் பார்த்தேன்,
ஓட்டுக் கேட்டபோது ஒரு தடவை,
நாற்காலியில் உட்கார்ந்த பின் ஒரு தடவை.

சண்டைக்குள் போகாமல் காத்தவர் என்று
பெயர் வாங்கி ஜெயித்தார் ஒருவர், 1916இல்.
மறுபடி பதவியேற்று ஒரே மாதம்,
போர்.
எதிராளியின் கையில் அணுகுண்டைக் கொடுக்கலாமா என்று
ஊரையே பயமுறுத்தி ஜெயித்தார் இன்னொருவர்.
அடுத்த வருஷம் வியட்நாம் கரையில்
அவர் அனுப்பிய பையன்கள் இறங்கினார்கள்.
நடுவில் ஒருவர். உங்கள் பிள்ளைகள்
அந்நியச் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்றவர்.
அவர் துறைமுகத்தில் குண்டு விழுந்தது,
அதையும் கழிக்கத்தான் வேண்டும்.
விழுந்து ஒரு மாதத்தில்
இதோ இந்தப் பெருஞ்சாலையில்
ஜப்பான்காரனின் டாங்கி.

ஆலைக்கு முன்பு இங்கே ரப்பர்.
பழைய ஸ்டோரை இடித்தபோது
கரையான் தின்றது போக மீந்த
பேரேடு ஒன்று என் இழுப்பறையில்.
1951. றாத்தல் இரண்டு வெள்ளிக்கு மேலே.
சிவப்பு மையில் அடிக்கோடு,
ஓரத்தில் கிராணியின் கையெழுத்தில் ஒரே சொல், கொரியா.
மரம் வெட்டிய கைக்கும் கொஞ்சம் வந்தது போலும்.
அங்கம்மா, பிரட்டு எண் 212,
தையல் மெஷின், மாதப் பிடித்தம் எட்டு வெள்ளி.

அப்புறம் அந்தப் படைத்தளபதி நின்றார்.
வாழ்க்கை முழுக்க ராணுவம். பருந்து என்றால்
அவரைத்தானே முதலில் காட்டுவோம்?
கொரியாவுக்கே போகிறேன் என்றார். போனார்.
அடுத்த வருஷம் சண்டை நின்றது.
றாத்தல் எழுபது காசுக்கும் கீழே.
சம்பளத்தில் வெட்டு.
212க்கு நேரே, அதே கிராணி, நீல மையில்:
மெஷின் திரும்பப் பெறப்பட்டது.

சமாதானம்
தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனது.
பாதி தைத்த பாவாடை ஏதாவது
அதில் மாட்டியிருந்ததா,
பேரேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

வெளியே செம்பனைக்குள்
எலிக்காக வைத்த ஆந்தைப் பெட்டிகள்.
பகலில் வட்டமிடும் பருந்தின் நிழல் பட்டால்
எலி ஓடிவிடும்.
ஆந்தையின் இறகுக்குச் சத்தம் கிடையாது.

எல்லாம் எழுதினேன். ஒரு கட்டம் நிரம்பவில்லை,
வெறும் லாரியின் எடை.
ஏறி நிற்கும்போதே ஒவ்வொருவர் பின்னாலும்
முந்தியவர் இறக்காத சண்டை கிடக்கிறது,
தார்பாய் போட்டு மூடி.
அதை யார் கணக்கில் எழுத?
விலை ஏறியதும் சந்தோஷப்பட்டவர்களை
எந்தப் பக்கம் எழுத?

விடியும்போது ஹார்ன்.
கன்னியப்பன். பதினெட்டு டன், ஈரத்தோடு.
கண்ணாடியைத் தட்டுகிறான்.
"அக்கா, நீங்க சொல்லுங்க. யாரு பருந்து?"

"இறக்கிட்டு வா" என்றேன்.